வாடிப் போகிற தோரணம்தான் நல்ல தோரணம்

இலங்கையில் பிளாஸ்டிக் பூமாலை விற்பது சட்டப்படி தடை. நேற்று வந்த தடை இல்லை, 2023 ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து அமுலில் இருக்கிறது. ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, கோப்பை, தட்டு, இடியப்பத் தட்டு என்று ஒரு பட்டியல் வந்ததே, அதிலேயே பிளாஸ்டிக் மாலையும் இருக்கிறது. அதற்கு ஆறு வருடம் முந்தியே, 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி, சமய, சமூக, அரசியல், கலாசார நிகழ்ச்சி எதிலும் அலங்காரத்துக்குப் பொலித்தீன் பாவிக்கக் கூடாது என்று வர்த்தமானி வந்துவிட்டது. அன்றைக்கே லஞ்ச் ஷீட்டும் ரிஜிபோம் பெட்டியும் தடையானது ஊருக்கெல்லாம் தெரியும். மத்தியானச் சோற்றுப் பார்சல் கைக்கு வரும்போது வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. அலங்காரத்துக்கு வந்த தடையை மட்டும் எங்கள் பக்கத்தில் நான் பேசிப் பார்த்தவர்களில் அநேகம் பேர் கேள்விப்பட்டதே இல்லை.

தீபாவளிக்கு முந்திய வாரம் திகன பஜாருக்கு ஒரு நடை வந்து பாருங்கள். மகியங்கனை வீதியோரக் கடை வாசல்களில் பச்சைப் பிளாஸ்டிக் மாவிலையும் மஞ்சள் பிளாஸ்டிக் செவ்வந்தியும் சரம் சரமாகத் தொங்கும். நத்தார் நெருங்கினால் அதே கம்பியில் ஜிகினா மாலை. வெசாக்குக்கு பிளாஸ்டிக் கூடு. மீலாதுக்கு பொலித்தீன் கொடி. இந்த ஒரு விஷயத்தில் நாலு சமயமும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம்.

ஒரு கடையில் கேட்டேன். "நானா, இது தடைதானே?"

"தடைதான் தங்கச்சி. ஆனா ஆக்கள் இதத்தானே கேக்குறாங்க. ஒரு தரம் நெசமான மாவிலைய கட்டி கொண்டாந்து வச்சேன். பின்னேரமாகுறதுக்குள்ள வாடிட்டுது. ஒருத்தரும் எடுக்கல்ல."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வாடிவிடும் என்பதுதான் எல்லோருக்கும் குறையாகத் தெரிகிறது. எனக்கோ, அலங்காரம் என்றால் வாடித்தான் ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. பண்டிகைக்கு இரண்டு நாள், மூன்று நாள். அதற்கு மேல் நிற்கிற அலங்காரம் தூசி படிந்து, வெயிலில் வெளுத்து, "எப்போ கழட்டப் போறீங்க?" என்று பக்கத்து வீட்டார் கேட்கும்வரை தொங்கிக்கொண்டிருக்கும். "அடுத்த வருஷமும் கட்டலாம்" என்று சொல்லித்தான் வாங்குகிறோம். அடுத்த வருடம் எடுத்துப் பார்த்தால் பாதி உதிர்ந்து, நிறம் போய், கோயில் வாசலில் கட்ட மனம் வராது. புதிதாக ஒன்று வாங்குவோம். பழையது எங்கே போகிறது?

இந்தக் கேள்வியைத் திகனக்காரர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்க வேண்டும். நாங்கள் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் குடியிருக்கிறவர்கள். 122 மீட்டர் உயர அணை, 1985இல் திறந்தது. பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கட்டடங்களின் எச்சம் தலை காட்டும். தீபாவளி வருவது ஐப்பசியில். பின்னேரமானால் இடி மழை கொட்டும் காலம். வாசலில் இருந்து பிய்ந்து விழுந்த பிளாஸ்டிக் இலை கானுக்குப் போகும், கானில் இருந்து ஓடைக்கு, ஓடையில் இருந்து நீர்த்தேக்கத்துக்கு. கான் அடைத்து நின்றால் நுளம்பு பெருகும், டெங்கு வரும். அது தனிக் கதை.

மேலே கண்டியில் என்ன நடக்கிறது என்பதும் எங்களைச் சேர்ந்ததுதான். கண்டி நகரத்துக் குப்பையைப் பல தசாப்தங்களாகக் கொட்டி வந்த கோஹாகொட மேடு, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலிக் கரையோரம் இருக்கிறது. மழை பெய்தால் அந்த மேட்டில் ஊறி வடியும் கறுப்புத் தண்ணீர் ஆற்றைச் சேர்கிறது. அந்த ஆறு போல்கொல்லைக்கு வருகிறது. அங்கே ஒரு பகுதி சுரங்கம் வழியே உக்குவெலப் பக்கம் திருப்பப்பட்டு வடக்கே வயல்களுக்குப் போகிறது. மிச்சம் லெவெல்ல, குண்டசாலை என்று வளைந்து எங்கள் நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்கிறது. கண்டியில் யாரோ கழற்றி எறிந்த மாலையின் சாறு திகனக்கும் வரும், வட மத்திய மாகாணத்து நெல் வயலுக்கும் போகும்.

மீதொட்டமுல்லையை மறந்திருக்க மாட்டீர்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினம். கொழும்பின் குப்பைமேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாடு முழுக்கப் பலகாரமும் பட்டாசுமாக இருந்த நாள் அது. அலங்காரப் பொலித்தீனுக்குத் தடை வந்த செப்டெம்பர், அதே வருடத்துச் செப்டெம்பர்தான். யாரோ அதிகாரி அலுவலகத்தில் உட்கார்ந்து சும்மா எழுதிய விதியாக அதை என்னால் பார்க்க முடியவில்லை.

சரி, கட்டுவதைப் பற்றிப் பேசுவோம். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

குருத்தோலைத் தோரணம் கட்டுவதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறீர்களா? விரியாத தென்னங்குருத்தை வெட்டி இறக்கும்போது அது ஓலை போலவே இருக்காது. வெளிர் மஞ்சளாய், வழுவழுவென்று, கையில் ஈரம் ஒட்டும். ஒவ்வோர் ஓலையாகப் பிரித்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்கள், காய்ந்தால் மடிக்கும்போது வெடித்துவிடும். பெருவிரல் நகத்தால் ஒரு கீறல், ஒரு மடிப்பு, நுனியை உள்ளே செருகி ஓர் இழுப்பு. குருவி வந்துவிடும். பழகிய கைக்கு அவ்வளவுதான் வேலை. குருவியின் தலை மேலே பார்த்தால் மங்கலம், கீழே பார்த்தால் துக்க வீடு. இந்த ஒன்றைத் தெரியாமல் கட்டினால் பெரியவர்கள் விடமாட்டார்கள், பிரித்துத் திரும்பக் கட்டச் சொல்வார்கள். தும்புக் கயிற்றில் ஒரு குருத்தோலை, ஒரு மாவிலை என்று மாற்றி மாற்றித் தொங்கவிட்டால், காற்றில் அசையும்போது மெல்லச் சரசரக்கும். பிளாஸ்டிக்குக்கு அந்தச் சத்தம் வராது.

இது எங்கள் கலை மட்டும் இல்லை. பிரித் மண்டபத்துக்கும் பந்தலுக்கும் சிங்களவர் செய்யும் ஓலை வேலைப்பாட்டுக்கும் இதே குருத்துத்தான். கண்டிப் பெரஹராவை நினைத்துப் பாருங்கள்: உலகமே வந்து பார்க்கிற அந்த ஊர்வலத்தின் முன்னால் எரிவது கொப்பரைத் தேங்காய்ப் பந்தம். எங்கள் மண்ணில் விளைந்ததை வைத்துக்கொண்டே ஒரு நகரத்தை ஒளிர வைக்கலாம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் இயற்கையானது எல்லாம் தீங்கற்றது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. தென்னை வருடத்துக்கு 12 முதல் 14 ஓலைதான் விடும். ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலிருந்தும் ஒரு பாளை வரும், அந்தப் பாளைதான் குலையாகும். குருத்தை வெட்டினால் அந்தக் குலைக்குச் சோறு போடுகிற ஓலை போய்விடுகிறது. தேங்காய் விலை எந்த உயரத்துக்குப் போனது என்று சம்பல் அரைக்கிற எவருக்கும் தெரியும். ஆகவே கோயில் திருவிழா ஒன்றுக்காக நல்ல காய்ப்பு மரங்களின் குருத்தை வரிசையாக வெட்டுவது எனக்குச் சம்மதம் இல்லை. வீடு கட்ட, வீதி அகலிக்க என்று விழப்போகிற மரம் ஊரில் எப்போதும் ஒன்று இருக்கும். அதன் குருத்தை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் வெட்டாமல் இருக்கலாம். அளவையும் குறைக்கலாம். வாசல் நிலைக்கு ஒரு சிறிய தோரணம் போதும், வளவைச் சுற்றிக் கட்டத் தேவையில்லை.

வாழைமரத்தில் இந்தச் சங்கடம் இல்லை. வாழை ஒரு தரம்தான் குலை போடும், அதன் பிறகு அதை வெட்டத்தான் வேண்டும், பக்கத்தில் குட்டி வந்துவிடும். வாசலில் கட்டியதைப் பண்டிகை முடிந்ததும் மாட்டுக்குப் போடலாம். கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டம் என்றாலே பாக்கு, கித்துள், மிளகு, பலா, கராம்பு என்று அடர்ந்து கிடக்கும். பாக்குப் பூ விரிந்த பாளை ஒன்றைக் கும்பத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தால் அந்த அழகுக்கு வேறு சோடனையே வேண்டாம். மேலே ரங்கல, ஹுன்னஸ்கிரிய பக்கத் தோட்டங்களில் தென்னை கிடைப்பது கஷ்டம். அங்கே வெட்டுக்கரையில் மண்டிக் கிடக்கிற பன்னம் இருக்கிறது, குரோட்டன் இலை இருக்கிறது. பன்னத்தை வேரோடு பிடுங்காதீர்கள், அந்தச் சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். நத்தார் குடிலுக்காக நக்கிள்ஸ் மலைக் காட்டில் இருந்து பாசியைச் சுரண்டிக் கொண்டு வருவதும் வேண்டாம். மீண்டும் வளர எத்தனையோ வருடம் எடுக்கிற பொருள் அது. வைக்கோல் போதும். குழந்தை இயேசு பிறந்ததும் வைக்கோலில்தானே.

ஒரு சின்ன விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பூ இயற்கை, இலை இயற்கை, ஆனால் கட்டின நூல் நைலோன். மாவிலையை ஒட்டினது செலோடேப். வாழையைத் தூணோடு இறுக்கினது பிளாஸ்டிக் கயிறு. மாடு மாலையைத் தின்றால் நூலும் உள்ளே போகும். பசளைக் குழியில் எல்லாம் மக்கிய பிறகு அந்த நூல் மட்டும் மண்வெட்டியில் சுற்றிக்கொண்டு வரும். வாழைநாரும் தும்புக் கயிறும் இன்னும் கடைகளில் கிடைக்கிற சாமான்தான்.

கழற்றிய பிறகு செய்வதும் முக்கியம். வாடிய தோரணத்தை சொப்பிங் பேக்கில் திணித்துக் குப்பை லொறிக்குக் கொடுத்தால் பாதிப் பலன் போய்விடும். காற்றுப் படாமல் மேட்டுக்குள் புதைந்து அழுகுகிற இலையில் இருந்து மீதேன் கிளம்பும், சூட்டைப் பிடித்து வைப்பதில் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வல்லது. அதே இலையை வளவில் ஒரு மூலையில் மண்ணோடு போட்டால் பசளை. பிளாஸ்டிக் மாலையை லயத்துக்குப் பின்னால் போட்டுக் கொளுத்துகிறவர்களையும் பார்க்கிறேன். மனது பதறுகிறது. பளபளக்கிற ஜிகினா மாலையில் அநேகம் பிவிசி. அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைட்டும் டயொக்சினும் வரும். பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தை இருக்கும். பிளாஸ்டிக்கை வெளியில் எரிப்பதும் 2017 செப்டெம்பரில் தடை செய்யப்பட்டதுதான்.

நான் இப்படிப் பேசினால் பக்கத்து அக்கா ஒருவர் நேராகவே கேட்பார். "ரெண்டு பேரும் விடிய எழும்பி வேலைக்கு ஓடுறோம். நான் பல்லேகலைல இருந்து வீடு வந்து சேர ஏழு மணி. தோரணம் கட்ட யாருக்குத் தங்கச்சி நேரம் இருக்கு?"

நியாயமான கேள்வி. கார்மெண்ட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற ஒரு பெண்ணின் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. முன்பும் தோரணத்தைத் தனி ஆளாக யாரும் கட்டியதில்லை. தாத்தாமார் கட்டுவார்கள், பொடியன்கள் ஓலை பிரித்துக் கொடுப்பார்கள், லயத்துக்கு ஒருவர் இருவர் கைவேலையில் எல்லா வாசலுக்கும் போய்ச் சேரும். அதைக் காசு கொடுத்து வாங்குகிற பொருளாகவே மாற்றினாலும் எனக்கு மறுப்பில்லை. கட்டத் தெரிந்த முதியவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் சரத்துக்குக் கொடுக்கிற காசை அவர்கள் கையில் கொடுத்தால், பண்டிகை மாதத்தில் அவர்களுக்கும் ஒரு வருமானம். பஜாரில் அந்த நானா சொன்னதற்கும் பதில் இதுதான்: முன்கூட்டியே சொல்லி வைத்து, கட்டுகிற அன்றைக்குக் காலையில் வாங்க வேண்டும். மாலைப் பூவுக்கு அப்படித்தானே செய்கிறோம்?

கோலத்துக்கு வருகிறேன். ஸ்டிக்கர் கோலத்தை என்னால் கோலம் என்று ஏற்க முடியவில்லை. அரிசி மாக் கோலத்தை எறும்பு தின்னும், சிட்டு கொத்தும், மழை கழுவும். நிறம் வேண்டும் என்றால் மஞ்சள் இருக்கிறது, செங்கல் தூள் இருக்கிறது, கரித்தூள் இருக்கிறது. மினுக்குத்தூள் மட்டும் வேண்டவே வேண்டாம். மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள் அது, ஒரு தரம் வாசலில் தூவினால் திரும்பப் பொறுக்க வழியே கிடையாது. உதிரியாக விற்கிற பிளாஸ்டிக் மினுக்குத்தூளை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்ததும் 2023 ஒக்டோபரில்தான், நாங்கள் பிளாஸ்டிக் மாலையைத் தடை செய்த அதே மாதம்.

வெசாக் கூட்டைப் பற்றி எனக்கு ஒரு பொறாமையே உண்டு. மூங்கிலைச் சீவி, கோதுமை மாப் பசை காய்ச்சி, டிசு பேப்பர் ஒட்டி, பக்கத்துச் சிங்கள வீட்டுப் பிள்ளைகள் இரவிரவாகச் செய்வார்கள். வைகாசி மழைக்குக் கடதாசி கரைந்துவிடுகிறது என்பதால்தான் பொலித்தீனும் பிளாஸ்டிக் கூடும் உள்ளே வந்தன. ஆனால் மழைக்குக் கரைவது கடதாசிதான், மூங்கில் சட்டம் இல்லை. சில வீடுகளில் போன வருடத்துச் சட்டத்தையே பத்திரமாகக் கட்டித் தூக்கி வைத்து, கடதாசியை மட்டும் மாற்றுகிறார்கள். கூட்டைத் தாழ்வாரத்துக்குள் தொங்கவிட்டு மழைக்குத் தப்பிக்கிறார்கள். எங்கள் கோயில் சோடனைக்கும் இந்த யோசனை பொருந்தும். மூங்கில் வளைவு ஒன்றைச் சபை நிரந்தரமாகச் செய்து வைத்துக்கொண்டு, இலையையும் பூவையும் மட்டும் ஒவ்வொரு தரமும் புதிதாக வைக்கலாம். பள்ளிக்கூட விழாக்களில் ரிஜிபோம் எழுத்து வெட்டி ஒட்டுவதற்குப் பதில் துணித் திரை ஒன்றைத் தைத்து வைக்கலாம். அதில் திகதியை மட்டும் எழுதாமல் விட்டால் பல வருடம் போகும். பிளெக்ஸ் பெனரில் வருடத்தை அச்சடித்துவிடுகிறோம், அடுத்த நாளே அது குப்பை.

இதையெல்லாம் வாசித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிளாஸ்டிக் சோடனையை அள்ளி எறிந்துவிடாதீர்கள். எறிந்தால் நான் சொன்ன அதே கானுக்கும் அதே மேட்டுக்கும்தான் போகும். ஏற்கெனவே வாங்கியது வாங்கியதுதான். கழுவி, காயவைத்து, பெட்டியில் போட்டு வைத்து, பிய்கிற வரைக்கும் பாவியுங்கள். பிரிட்டனின் கார்பன் ட்ரஸ்ட் என்ற அமைப்பு நத்தார் மரத்துக்குப் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. 2 மீட்டர் உயரச் செயற்கை மரம் ஒன்றின் கார்பன் கணக்கு ஏறத்தாழ 40 கிலோ. அதே உயர நிஜ மரத்தை முடிவில் எரித்தால் 3.5 கிலோ அளவு, குப்பைமேட்டில் புதைத்தால் 16 கிலோ. செயற்கை மரம் வைத்திருக்கிறவர் அதைப் பத்து வருடத்துக்கு மேல் பாவித்தால்தான் கணக்கு நேராகும். அந்த மரம் உங்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போகும்வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். எல்ஈடி சரத்தில் ஒரு பல்ப் போனால் முழுச் சரத்தையும் வீசாமல், பஜாரில் ரேடியோ திருத்துகிறவரிடம் கொடுத்துப் பாருங்கள். பலதும் ஒரு பற்றவைப்போடு சரியாகிவிடும்.

சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டியது மத்திய சுற்றாடல் அதிகாரசபை. அவர்கள் எல்லாக் கடை வாசலிலும் வந்து நிற்கப் போவதில்லை. பிளாஸ்டிக் சோடனையை வாசலிலேயே நிறுத்தக் கோயில் நிர்வாகத்தால் முடியும். உபயகாரருக்குக் கொடுக்கிற துண்டில் "பிளாஸ்டிக், பொலித்தீன் சோடனை வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். உபயம் செய்கிறவர் கோயில் சொல்லை மீற மாட்டார். பள்ளிக்கூடம், பன்சல, பள்ளிவாசல், தேவாலயம் என்று அப்படியே போகலாம். கூட்டத்தில் எழும்பிக் கேட்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். இந்த முறை தீபாவளிக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். 2017ஆம் ஆண்டு வர்த்தமானி என்று சொல்லியே கேளுங்கள், யாரும் மறுக்க முடியாது.

திகன, ராஜவெல்ல, குண்டசாலை, தெல்தெனியப் பக்கத்தில் குருத்தோலைத் தோரணம் கட்டத் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டிலோ லயத்திலோ இருந்தால் எனக்கு எழுதுங்கள். தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்க ஓர் இடம் பார்த்திருக்கிறேன். ஓலைக்கு நான் பொறுப்பு. கற்றுக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.